பிகாம் படித்தால் சம்பளம் கூடுமா? தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிக்கப்போகும் உங்கள் மகனுக்கு டர்பன் பக்கத்து உம்லாங்காவில் கால் சென்டர் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. மூன்று வருஷம் பிகாம் படிக்க வைத்தால் போட்ட பணம் திரும்பி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் எந்தப் பிகாமில் சேர்கிறான், அதை முடிக்கிறானா என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியும்.

சம்பளத்துக்கு முன்னால் வேலை கிடைப்பதைப் பாருங்கள். 2025 முதல் காலாண்டில் தென்னாப்பிரிக்காவில் வேலையின்மை 32.9 சதவீதம். பட்டதாரிகளிடையே அது 11.7. இந்த வித்தியாசமே பெரிய வருமானம்தான். ஆனாலும் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

தம்பி, அதாவது உங்கள் மகன், எடுத்திருப்பது கணிதமா, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா? நீங்கள் எழுதவில்லை. கணக்கியல் பிகாமுக்குக் கணிதம் கட்டாயம் வேண்டும். மேத்ஸ் லிட்டரசியில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் சின்ன மகளுக்கு இதை இப்போதே சொல்லுங்கள். அடுத்த வருஷம் அவள் எடுக்கும் பாடத்திலேயே பாதி முடிவாகிவிடும்.

கணிதம் இருந்தால், சம்பளத்தில் பெரிய ஏற்றம் தரும் வழி சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் வழி. சைகா என்கிற சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் சங்கம் அங்கீகரித்த பிகாம் மூன்று வருஷம், அதன்மேல் சிடிஏ என்கிற மேற்படிப்பு ஒரு வருஷம், பிறகு ஆர்டிகிள்ஸ் என்கிற பயிற்சி மூன்று வருஷம், நடுவில் சைகாவின் இரண்டு தேர்வுகள். ஆர்டிகிள்ஸ் காலத்துச் சம்பளத்தைப் பார்த்துப் பல பெற்றோர் மனம் உடைந்துபோகிறார்கள். கால் சென்டரில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் அந்த நேரத்தில் அதிகம்கூட வாங்கலாம். பொறுங்கள். பெயருக்குப் பின்னால் சிஏ என்று போடும் உரிமை வந்ததும் கணக்கே மாறிவிடும். சிடிஏவில் தடுக்கி விழுபவர்களும் நிறைய. அவர்களுக்கு சைபா என்கிற இன்னொரு கணக்காளர் சங்கத்தின் வழி இருக்கிறது. அதற்கு சிடிஏ தேவையில்லை, கணக்கியல் பட்டமும் மூன்று வருஷப் பயிற்சியும் ஒரு தேர்வும் போதும். அது குறைந்த வழி இல்லை, அம்மா. சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்த்து நன்றாக வாழ்பவர்கள் பலர்.

பொதுப் பிகாம் மட்டும் என்றால் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அதே பட்டத்தோடு பெரிய கூட்டம் வரிசையில் நிற்கிறது. சப்ளை செயின், தகவல் அமைப்பு போன்ற ஒன்றைச் சேர்த்துப் படிக்கட்டும். நாட்டிலேயே அதிகக் கன்டெய்னர் வந்துபோகும் துறைமுகம் நம் டர்பனில் இருக்கிறது. சரக்குக் கம்பெனிகளும் கிடங்குகளும் அதைச் சுற்றித்தான். விடுமுறையில் அங்கே சம்பளம் குறைவாக இருந்தாலும் வேலை பார்த்திருந்தால், பட்டம் வாங்கும்போது காட்ட அனுபவம் இருக்கும்.

நான் அதிகம் பயப்படுவது பாதியில் விடுவதற்குத்தான். இரண்டு வருஷம் படித்து நின்றவனுக்கு முதலாளி பட்டதாரி சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தரமாட்டார். கடன் மட்டும் மிஞ்சும். முதல் வருஷத்தில் அக்கவுன்டிங் தடுமாறினால் உடனே டியூட்டரைப் பிடிக்கச் சொல்லுங்கள். முழுநேரம் முடியாவிட்டால் வேலையில் சேர்ந்துகொண்டே யுனிசா என்கிற தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஆனால் மாலையில் களைத்து வந்து புத்தகம் திறக்கும் பிடிவாதம் அவனிடம் இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பணம்: குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்கிற அரசு மாணவர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். 2018-லிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு அது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் சிஏஓ என்கிற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பம். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். என்எஸ்எஃப்ஏஎஸ் விண்ணப்பம் தனி. சிஏஓ படிவம் போட்டாலே அதுவும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துப் பலர் தவறவிடுகிறார்கள்.

தம்பியின் கடைசி ரிப்போர்ட்டை அனுப்புங்கள். கணித மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு எந்தப் பிகாமை முதலில் எழுதுவது என்று சொல்கிறேன்.