மதுரையில் சட்டக் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். சர்வதேசச் சட்டத்தில் எல்.எல்.எம். (முதுநிலைச் சட்டப் படிப்பு) சேர்ந்தால் பிழைக்க முடியுமா?

படிக்கலாம். ஐ.நா. வேலை என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு மட்டும் சேராதீர்கள். அங்கே இளைஞர்களுக்கு என்று நடத்தும் தேர்வுக்கு வயது வரம்பு 32. அந்த வருடப் பட்டியலில் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள்தான் எழுதவே முடியும்.

நான் அதே பிரிவில் எல்.எல்.எம். முடித்துவிட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ப்ராக்டிஸ் பண்ணுகிறேன். "கட்சிக்காரன் என்ன ஜெனீவாவுல இருந்தா வரப்போறான்?" என்று சீனியர் கேட்டார். ஜெனீவா எதற்கு சார், ராமநாதபுரம் மீனவர் போதாதா?

கச்சத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடை வரை பேசுகிறார்கள், ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் குறைவு. இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளுக்கும் பாரம்பரிய உரிமை உண்டு என்கிறது. ஆனால் 1976-ல் எழுதிக்கொண்ட கடிதங்களில், அனுமதியில்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. முதலில் தந்த உரிமையில் மிச்சம் எவ்வளவு? வழக்கே அங்கேதான் நிற்கிறது.

உடனே யாராவது 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறை கூடாது என்று. அது பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்கு மட்டும்; அதாவது கரையோரக் கடலைத் தாண்டி, மீன்வளம் போன்றவற்றில் மட்டும் ஒரு நாட்டுக்கு உரிமை உள்ள கடல்பகுதி. பாக் நீரிணையை இரு நாடும் 'வரலாற்று நீர்ப்பரப்பு' (நெடுங்கால உரிமையால் சொந்தக் கடலாகவே கருதும் பகுதி) என்று எழுதிக்கொண்டதால் அங்கே அந்த வாதம் லேசில் எடுபடாது. இப்படி வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் இந்தப் படிப்பு தருவது.

அகதிகள் விஷயம் இன்னும் சிக்கல். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. முகாம்வாசிக்காக வாதாட நின்றால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுதான். அதனால் அரசியலமைப்புச் சட்டத்தை விட்டுவிட்டு இதை மட்டும் படித்தால் கரை சேர முடியாது.

வருமானம் என்றால் எனக்கு ரிட்டும் (அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) சர்வீஸ் கேஸும் (அரசு ஊழியர் பணி வழக்கு) தான் சோறு போடுகின்றன. ஆசிரியர் வேலை பிடிக்கும் என்றால் எல்.எல்.எம். முடித்து நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுங்கள், அது நல்ல வழி.

சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் டெல்லி தெற்காசியப் பல்கலைக்கழகத்திலும் விசாரியுங்கள். சேரும் முன் ஐ.நா. வைத்திருக்கும் சர்வதேசச் சட்ட ஒலி-ஒளி நூலகத்தில் கடல் சட்ட விரிவுரைகள் நாலைந்து கேளுங்கள். காசு கிடையாது. தூக்கம் வந்தால் வேறு பிரிவு பார்த்துக்கொள்ளலாம்.