எடுக்காமல் விட்ட போன்

கேள்வி: அம்மா, எனக்கு 36 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, சொந்த ஃபிளாட், மனைவி, ஒரு பெண் குழந்தை. குடிப்பதில்லை, யாரையும் ஏமாற்றியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா மாரடைப்பு வந்து விழுந்தார். ஐ.சி.யூ.வில் நினைவு திரும்பாமலே நான்காம் நாள் இறந்துவிட்டார். சபையே கூடி ஜெபித்தது, ஒன்றும் நடக்கவில்லை. அதிலிருந்து நான் கோயிலுக்குப் போவதில்லை. அம்மா போன் பண்ணும்போதெல்லாம் 'கோயிலுக்குப் போனியா' என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. கடவுள் எனக்கு எதற்கு? பலவீனமானவர்களுக்கு ஓர் ஊன்றுகோல், அவ்வளவுதானே? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். இன்னொன்று, இதற்குச் சம்பந்தமில்லாதது: அப்பா விழுந்த அன்று சாயங்காலம் எனக்குப் போன் பண்ணியிருந்தார். மீட்டிங்கில் இருந்ததால் எடுக்கவில்லை. அப்புறம் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அன்புள்ள தம்பி,

கேள்விக்கு முதலில் வருகிறேன். கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அப்புறம் வருகிறேன். அது சம்பந்தமில்லாதது என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை.

தேவையானது எல்லாம் இருக்கிறது, கடவுள் எதற்கு என்கிறீர்கள். இப்படிக் கேட்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே எங்கள் தலைமுறைதான். சீட் கிடைக்க ஜெபம், விசா கிடைக்க ஜெபம், குழந்தை பிறக்க உபவாச ஜெபம், கிடைத்துவிட்டால் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, ஒரு மூட்டை அரிசி. இப்படியே வளர்த்துவிட்டு, எல்லாம் கிடைத்துவிட்ட பையன் 'இனிமேல் எதற்கு' என்று கேட்டால் அவனைக் கோபித்து என்ன நியாயம்? இயேசு காலத்திலேயே இந்தக் கதைதான். ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட மறுநாள், கூட்டம் படகேறிக் கப்பர்நகூம்வரை அவரைத் தேடி வந்தது. 'நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். யோவான் 6ஆம் அதிகாரம். அது முடிவதற்குள் சீஷர்களிலேயே அநேகர் பின்வாங்கிப் போய்விட்டார்கள். ஆகவே, வாங்கிக்கொள்வதற்குத்தான் கடவுள் என்றால் உங்களுக்கு அவர் தேவையில்லை. உங்கள் கணக்கு சரி.

நல்லவராக இருப்பதற்கும் கடவுள் வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எப்போதும் கறுப்புச் சட்டை. வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு பைசா கை நீட்டாதவர். சபைத் தேர்தல் வந்தால் நம் ஆட்கள் போடும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கடவுள் இருக்கார்னு உங்க ஆளுங்ககிட்ட யாராவது போய்ச் சொல்லுங்க" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், வெட்கமாகவும் இருக்கும். அவரைவிட நான் நல்லவள் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த ஊன்றுகோல் விஷயத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் கம்ப்யூட்டர் ஆள்; பாஸ்கல் என்ற பெயர் தெரிந்திருக்கும், ஒரு கணினி மொழிக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை. 1642இல், இருபது வயதுகூட ஆகாதபோது, கூட்டல் கழித்தல் செய்யும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். அவருடைய அப்பாவுக்கு வரிக் கணக்குப் பார்க்கும் உத்தியோகம்; ராத்திரியெல்லாம் கூட்டிக்கொண்டிருந்த அப்பாவின் வேலையைக் குறைக்கத்தான் அந்த இயந்திரம். அவர் 1662இல், 39 வயதில் இறந்தார். அதற்குப் பிறகு அவருடைய கோட்டின் உள்துணியில் ஏதோ தைத்து வைத்திருப்பது வேலைக்காரர் ஒருவரின் கைக்குத் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு காகிதம். 1654 நவம்பர் 23, திங்கட்கிழமை, இரவு பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை என்று நேரம் குறித்திருந்தது. அடுத்து 'நெருப்பு' என்று ஒரே ஒரு சொல். அதன் கீழே, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவ ஞானிகளும் அறிஞர்களும் சொல்லும் தேவன் அல்ல என்று இருந்தது. எட்டு வருஷமாக யாரிடமும் காட்டாமல் உடம்போடு வைத்திருந்திருக்கிறார்.

அந்தக் காகிதத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி, நான் அவரைவிட்டுப் பிரிந்தேன், அவரிடமிருந்து ஓடினேன் என்று எழுதியிருக்கிறார். ஊன்றுகோல் வைத்திருப்பவன் ஓட மாட்டான் தம்பி. அவருக்குப் பிடிமானம் இல்லாமல் போகவில்லை. ஒருவரைவிட்டு ஓடிவந்திருக்கிறோம் என்று அந்த ராத்திரியில் தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான்.

சரி, அப்பாவுக்காகச் செய்த ஜெபம். ஏன் கேட்கப்படவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். என் வீட்டுக்காரர் இறந்து பத்தாவது நாள், ஒரு பிரசங்கியார் வீட்டுக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்றைக்கு வந்திருந்தால் காபியும் கிடைத்திருக்காது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஒரே ஜெபத்தை மூன்று தரம் ஜெபித்தார்: இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று. நீங்கவில்லை. மறுநாள் சிலுவை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? உங்கள் அப்பாவின் ஐ.சி.யூ. வாசலில் நின்றவர்களுடைய ஜெபமும் அந்தத் தோட்டத்து ஜெபத்தோடு சேர்ந்ததுதான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் இதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த போன்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாவுக்குக் கடைசி மூன்று வருஷம் ஞாபகம் தப்பிவிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "பால் வந்துட்டா?" என்று கேட்பார்கள். வந்துட்டும்மா என்று சொன்னால் தலையாட்டுவார்கள். திரும்ப, பால் வந்துட்டா? ஒருநாள் காலையில் எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பதினைந்தாவது தடவையோ என்னவோ, பால் பாத்திரத்தை அப்படியே எடுத்து வந்து அவர்கள் முன்னால் தரையில் ணங்கென்று வைத்தேன். "இந்தா பாரு, வந்துட்டு, கண்ணு தெரியுதா?" என்று கத்தினேன். பால் சிந்தியது. அம்மா சுவரோடு ஒண்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "கோவிச்சுக்கிடாதீங்கம்மா" என்றார்கள்.

கோவிச்சுக்கிடாதீங்க. என்னைப் பெற்றவள், என்னை வாய் நிறைய 'ஏட்டி' என்று கூப்பிட்டவள், யாரோ ஒரு வீட்டுக்கார அம்மாளிடம் பேசுவதுபோல் என்னை மரியாதையாகப் பேசினாள்.

அடுத்த நான்கு மாதத்தில் அம்மா போய்விட்டார்கள். அதற்கு முன் நான் மன்னிப்புக் கேட்கவில்லையா என்றால், கேட்டேன், அன்று சாயங்காலமே. ஆனால் கேட்கும்போது அவர்களுக்கு அந்தக் காலை ஞாபகமில்லை. என்னத்துக்கு அழுதேன் என்றும் தெரியவில்லை. "பால் வந்துட்டா?" என்றார்கள்.

நான் யாரிடம் சொன்னாலும், "விடுங்க டீச்சர், நீங்க எவ்வளவு பார்த்தீங்க, மனுஷிதானே" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதில் ஒன்றும் ஆறவில்லை. சமாதானம் சொல்வது வேறு, மன்னிப்பது வேறு. 'அதில் தப்பே இல்லை' என்றால் அது சமாதானம். நான் செய்தது தப்புதான் என்று எனக்குத் தெரியும். தப்புதான் என்று ஒத்துக்கொண்டு, அதற்கு மேலும் என்னைச் சேர்த்துக்கொள்ள ஓர் ஆள் எனக்கு வேண்டியிருந்தது. அந்த உரிமை இருந்த ஒரே மனுஷி இப்போது கல்லறைத் தோட்டத்தில்.

51ஆம் சங்கீதத்தில் தாவீது, 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து' என்கிறான். இளவயதில் அந்த வசனத்தைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவை யுத்தத்தில் முன்னால் நிறுத்திச் சாகக் கொடுத்துவிட்டு, 'உமக்கு ஒருவருக்கே' என்றால் என்ன அர்த்தம், உரியா ஆள் இல்லையா என்று. அம்மா போன பிறகுதான் அந்த வசனம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. உரியா செத்துப்போய்விட்டான். தாவீது அவனிடம் போய் என்ன சொல்வான்? ராஜாவாக இருந்தாலும் செத்தவனிடம் மன்னிப்பு வாங்க வழியில்லை. அவன் போய் நிற்க ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. நம் வேத பண்டிதர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா தெரியாது. எனக்கு அப்படித்தான் அந்த வசனம் பிடிபட்டது.

செத்தவர்களிடம் செய்த தப்பைக் கடவுள் எப்படி மன்னிக்கலாம், அவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பாஸ்கல் காகிதத்தில் எழுதினாரே, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன் என்று, அதே வார்த்தைகளை இயேசு ஒரு விவாதத்தில் எடுத்துப் பேசுகிறார், லூக்கா 20ஆம் அதிகாரத்தில். அந்த மூன்று பேரும் மண்ணுக்குள் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும், 'அவர் மரித்தோரின் தேவனாயிராமல், ஜீவனுள்ளோரின் தேவனாயிருக்கிறார். எல்லாரும் அவருக்குப் பிழைத்திருக்கிறார்களே' என்கிறார். நமக்குப் பிழைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவருக்கு. என் அம்மா எனக்கு இல்லை, அவருக்கு இருக்கிறாள். எனக்குக் கடவுள் ஏன் தேவை என்று கேட்டால், இந்தக் கிழவியிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான். வேலைக்கோ சுகத்துக்கோ இல்லை. அந்தப் பால் பாத்திரத்துக்கு.

அவர் எப்படி மன்னிப்பார் என்பதற்கு ஓர் இடம் காட்டுகிறேன். இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோன ராத்திரி நல்ல குளிர். அவருடைய சீஷன் பேதுரு ஒரு கரிநெருப்பு ஓரமாகக் குளிர்காய்ந்துகொண்டே, அவரைத் தெரியாது என்று மறுதலித்தான், மூன்று தரம். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் நிற்கிறார். பேதுரு கரைக்கு வருகிறான். அங்கே கரிநெருப்புப் போட்டிருக்கிறது, மேலே மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் கரிநெருப்பு இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஏன் அப்படிச் செய்தாய் என்று இயேசு கேட்கவே இல்லை. பரவாயில்லை, பயத்தில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் சொல்லவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னார். அப்புறம், 'நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. எத்தனை தரம் என்பதை அவனும் எண்ணியிருப்பான் போல.

தம்பி, நாளைக்கே கோயிலுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அம்மா என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை. ஜெபம் என்றவுடன் செந்தமிழில் 'பரம பிதாவே' என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். 'அன்றைக்கு அப்பா கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை' என்று உங்கள் பேச்சிலேயே, வாய்விட்டு, ஒருதரம் கடவுளிடம் சொல்லிப் பாருங்கள். பைக் ஓட்டிக்கொண்டே சொன்னாலும் சரி. அவர் இல்லை என்று நினைத்தால் அதையும் அவரிடமே சொல்லலாம். ராத்திரி தூக்கம் வராமல் இருந்தால் ஒரு கவுன்சிலரையும் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் இன்னொரு வேலை இருக்கிறது. இரண்டு வருஷமாக இந்த போன் விஷயத்தை நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை 'கோயிலுக்குப் போனியா' என்று கேட்கும்போது எரிச்சல்படாமல் இதைச் சொல்லுங்கள். அப்பா அன்று சாயங்காலம் எதற்காகக் கூப்பிட்டார் என்றும் கேளுங்கள். கூப்பிட்டபோது அவர்கள் பக்கத்தில்தான் இருந்திருப்பார்கள்.