எரிந்த மரமும் நட்ட கன்றும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். சூரிய ஒளி, காற்று ஆகியவை அல்லாத புதுப்பிக்கத்தக்க ஆற்றல்களைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். கடல் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்), ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்குமிடத்தின் உப்பு வேறுபாடு, காலடி பட்டால் மின்சாரம் தரும் நடைதளம் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? எதுவும் அமையாவிட்டால் விறகு, சக்கை போன்ற தாவர எரிபொருளான உயிர்த்திரளை எடுத்துக்கொள்வேன். எரித்த மரம் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால் அதில் சர்ச்சைக்கு இடமில்லை அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடைதளத்தை விட்டுவிடுங்கள். ஒரு காலடி தருவது சில ஜூல்கள் மட்டுமே. உப்பு வேறுபாட்டை நம்பி நார்வேயின் டோஃப்டேயில் 2009இல் திறந்த முன்னோடி நிலையம் சில கிலோவாட் அளவைத் தாண்டாமலேயே கைவிடப்பட்டது. ஓதம் அப்படியல்ல. பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 240 மெகாவாட் நிலையம் 1966 முதல் இயங்குகிறது. தென்கொரியாவின் சிஹ்வாவில் 254 மெகாவாட் நிலையம் 2011இல் வந்தது. எனவே ஓதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தது கடைசி வரிக்காகத்தான். ‘சர்ச்சைக்கு இடமில்லை’ என்று எப்படித் துணிந்து எழுதினீர்கள்? ஆய்வேடு எழுதப்போகிறவர் ஒரு கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் இப்படி எழுதலாமா?

என் பத்து வயதில் வீட்டுப் பின்புறம் நின்ற பெரிய மரம் ஒன்றை வெட்டினார்கள். அடிக்கட்டையில் குந்தியமர்ந்து வளையங்களை விரலால் தொட்டு எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதும் கோடுகள் நெருங்கி எண்ணிக்கை தவறிவிட்டது. காயாத கட்டைகளையே அடுப்பில் வைத்தார்கள். எரியாத முனையில் நீர் நுரைத்துச் சீறிக்கொண்டு வடிந்தது, வீடெல்லாம் புகை. ஒரு பருவத்துக்குள் மரம் முழுவதும் சாம்பலாகிவிட்டது. அதே வாரத்தில் அப்பா அந்த இடத்தருகே ஒரு கன்றை நட்டார். நான் படிப்பை முடித்து வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அதன் தண்டு என் மணிக்கட்டின் பருமனே இருந்தது.

உயிர்த்திரள் சர்ச்சையின் மையம் இந்தக் கால இடைவெளிதான். மரம் வளரும் என்பதை எவரும் மறுக்கவில்லை. மரம் எரிந்து வெளிவரும் கரியமில வாயு இன்றே காற்றில் சேர்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கன்றுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதுவரை அந்த வாயு பூமியைச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு விறகு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 112 கிலோ, நிலக்கரி 95 கிலோ, இயற்கை எரிவாயு 56 கிலோ. அதாவது புகைபோக்கியின் வாயில் நின்று அளந்தால் விறகு நிலக்கரியையும் மிஞ்சுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காக 2010இல் செய்யப்பட்ட ஆய்வில், மின்சாரத்துக்கு நிலக்கரியின் இடத்தில் மரத்தை எரித்தால், கூடுதலாகக் காற்றில் சேர்ந்த வாயு என்ற கடன் தீர இருபது ஆண்டுகளுக்கு மேலாகும் என்றும், எரிவாயுவின் இடத்தில் எரித்தால் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகும் என்றும் தெரியவந்தது.

பிறகு ஏன் இது சுத்தமான ஆற்றல் என்று பெயர் பெற்றது? பன்னாட்டுக் கணக்குமுறையில் மரத்தின் உமிழ்வு, அது வெட்டப்பட்ட நாட்டின் நிலக்கணக்கில்தான் எழுதப்படும். எரிக்கும் நாட்டின் ஆற்றல் கணக்கில் பூஜ்யம். இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வகுத்த விதி அது. எரிப்பதற்குக் கொடுத்த அனுமதியாக அதைப் படித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள டிராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளுக்கு மாறியது இந்த நிழலில்தான். அக்குச்சிகளில் பெரும்பங்கு அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வருகிறது. 2018இல் ஏறத்தாழ எண்ணூறு அறிவியலாளர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதமும் இதையே எதிர்த்தது.

மர அறுவை ஆலையின் தூளையும், கரும்புச் சக்கையையும் இதனோடு சேர்த்துத் திட்டுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கிடந்தால் விரைவில் மட்கி எப்படியும் வாயுவாகக்கூடியதை எரிப்பது வேறு. நின்றுகொண்டிருக்கும் முழு மரத்தை எரிப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் இத்தனை குழப்பத்துக்கும் மூலம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் எரிபொருளின் எடையை மட்டும் எழுதி, ஆண்டை எழுதாமல் விட்டவன். உயிர்த்திரளையே எடுப்பதாக இருந்தால், எரிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் பக்கத்தில் அந்த மரத்தின் வயதையும் எழுதி அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.