டீச்சரிடம் கேளுங்கள்: காலேஜ் எலெக்‌ஷனும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காலேஜ் யூனியன் தேர்தலைப் பற்றித்தான். நம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவிலிருந்து, மூணாறிலிருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியிலிருந்தும்கூட. தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டே பல வருடம் தேர்தல் வேலையும் பார்த்தவள் நான். அதனால் இந்த இதழ்ப் பகுதியை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டீச்சர், நான் பி.ஏ. தமிழ் இரண்டாம் வருடம். வடகரப்பதி பக்கம் ஊர். வைஸ் சேர்மன் பதவிக்கு நிற்கச் சொல்லி ஒரு பேனலில், அதாவது சேர்ந்து போட்டியிடும் ஒரு அணியில், கேட்கிறார்கள். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. மலையாளம் பேசுவேன், ஆனால் பத்துப் பேர் முன்னால் நின்றால் நாக்கு தடுமாறும். எனக்கு உண்மையில் பிடித்தது எழுத்துதான். நிற்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: நில்லு கண்ணு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பதவிக்கு என்பதை நீ முடிவு செய்.

நம் கல்லூரிகளில் வைஸ் சேர்மனும் ஜாயின்ட் செக்ரட்டரியும் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள். அதனால் நாமினேஷன் நேரம் வந்தால் எல்லாப் பேனலும் பெண் பிள்ளைகளைத் தேடி வகுப்பு வகுப்பாக அலையும். "பேர் மட்டும் கொடு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். இந்த வார்த்தையைக் கேட்டால் உடனே தலையாட்டாதே. ஜெயித்த பிறகு யூனியன் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை, எந்தக் கணக்கில் நான் கையெழுத்துப் போடுவேன், ஆர்ட்ஸ் டேயில் எது என் பொறுப்பு என்று நேராகக் கேள். பதில் சொல்லத் தெரிந்தவர்களோடு சேர்ந்து நில். சொல்லத் தெரியாதவர்களுக்கு வேண்டியது போஸ்டரில் போட உன் பெயர், அவ்வளவுதான்.

இப்படி அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு, மாணவர் யூனியன் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் அதே வருடம் செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான்: கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் குழுவுக்கும் நடந்த வழக்கு. அந்த விதிகளில் மாணவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு தடவைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு தடவை. யாரோ கூப்பிட்டார்கள் என்று இந்த வருடம் வைஸ் சேர்மனுக்கு நின்றுவிட்டால், நீ விரும்புகிற பதவிக்கு அடுத்த வருடம் வழி இருக்காது.

எழுத்துதான் பிடிக்கும் என்கிறாய். அப்படியென்றால் ஸ்டூடண்ட் எடிட்டர் இடத்தைக் கேள். கொடுக்க மாட்டார்கள் என்று நீயே முடிவு கட்டாதே, வாய் திறந்து கேள். கல்லூரி மேகஸின் உன் கையில் இருந்தால், தமிழ்ப் பக்கங்கள் கடைசியில் ஒட்டவைத்த நாலு பக்கமாக இருக்க வேண்டியதில்லை. கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேம்பதியிலும் இருந்து வரும் பிள்ளைகளிடம் எவ்வளவு கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பரீட்சைப் பேப்பரில் படித்திருக்கிறேன்.

அப்புறம் மலையாளம். ஓட்டுக் கேட்க ஒரு வகுப்புக்குள் போனால் உனக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ஆசிரியர் அனுமதி கொடுத்து, பேனல் வரிசையாக உள்ளே வந்து, தலைவர் அறிமுகம் செய்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மிச்சத்தில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஃபைன் ஆர்ட்ஸ் செக்ரட்டரிக்கு நின்ற ஒரு பெண், எல்லைக் கிராமத்துக்காரி, பி.எஸ்ஸி. வகுப்பு ஒன்றில் பேசியதை வாசலில் நின்று கேட்டேன். தமிழ் கலந்த மலையாளத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "சாயங்காலம் நாலு மணி பஸ்ஸை விட்டால் எங்களுக்கு வேறு பஸ் இல்லை. ஒத்திகை எல்லாம் நாலரைக்கு மேல் வைத்தால் நாங்கள் எப்படி ஆடுவது? நான் வந்தால் மதிய இடைவேளையில் வைப்பேன்." கடைசி பெஞ்சிலிருந்த இரண்டு பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வகுப்பில் கிழக்குப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் ஜெயித்தாள். காலிகட் பல்கலைக்கழகத்தின் பாலக்காடு மாவட்டக் கலைவிழாவான ஏ ஸோனுக்கான ஒத்திகை அந்த வருடம் மதியத்தில் நடந்தது.

நம் பிள்ளைகள் பேனல்களில் அதிகம் இல்லாததற்கு மொழியைவிட அந்த நாலு மணி பஸ்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். யார் எந்த இடத்துக்கு நிற்பது என்று முடிவெடுக்கும் பேச்செல்லாம் சாயங்காலம்தான் நடக்கிறது. நீ பேனலில் சேர்ந்தால், "கூட்டத்தை மதியமே போடுங்கள்" என்பதையே உன் முதல் நிபந்தனையாகச் சொல்.

கடைசியாக, காகித வேலை. வரைவு வாக்காளர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே போய்ப் பார். உன் பெயர், எண் மட்டும் போதாது. முன்மொழிகிறவர், வழிமொழிகிறவர் பெயரும் எண்ணும் நாமினேஷனில் அப்படியே இருக்க வேண்டும். இனிஷியல் மாறியதால், ஓர் எண் தப்பியதால் தள்ளுபடியான மனுக்களைப் பார்த்திருக்கிறேன். போட்டியிடும் வருடத்தில் அரியர் இருக்கக்கூடாது. வருகைப்பதிவு 75 சதவீதம், அல்லது உன் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, வேண்டும். இளங்கலைக்கு வயது 17 முதல் 22 வரை. இதெல்லாம் சரியாக இருந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடு.

கேள்வி: மகள் முதல் வருடம் படிக்கிறாள். கிளாஸ் ரெப் ஆக நிற்கிறேன் என்கிறாள். நமக்கெதுக்கு அரசியல் என்று அவள் அப்பா கோபப்படுகிறார். அடிதடி, கத்திக்குத்து என்று டிவியில் பார்த்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. (ஒரு தாய், கோபாலபுரம்)

பதில்: உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன் அம்மா. 2018 ஜூலையில் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் குத்திக் கொல்லப்பட்ட அபிமன்யு, இடுக்கி வட்டவடையைச் சேர்ந்த நம் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் மகளிடம் தெளிவாகப் பேசுங்கள். யாரோடு சேர்ந்து வேலை செய்கிறாள் என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும். இருட்டிய பிறகு போஸ்டர் ஒட்டும் வேலைக்கெல்லாம் போகக்கூடாது. சண்டை நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கக்கூட நிற்கக்கூடாது.

ஆனால் நிற்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள். கிளாஸ் ரெப் என்பது பரீட்சைக் கட்டணத் தேதியை எல்லோருக்கும் சொல்வது, இன்டர்னல் மார்க்கில் தவறு வந்தால் டிபார்ட்மென்டில் போய்க் கேட்பது, வகுப்பில் ஃபேன் ஓடவில்லை என்று ஆபீஸுக்கு நடப்பது. 2010 தேர்தலிலிருந்து கேரளத்துப் பஞ்சாயத்துகளில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் வார்டுக்கும் ஒரு பெண் உறுப்பினர் வந்திருப்பார், அல்லது வருவார். எழுந்து நின்று பேசும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? அறுபது பேர் வகுப்பில் தோற்றுப் பார்த்தாலும் பரவாயில்லை, அந்தப் பழக்கம் வரட்டும். அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: பையன் சேர்மனுக்கு நிற்கிறான். செலவுக்குப் பதினைந்தாயிரம் கேட்கிறான். தென்னைக்கு உரம் போட வைத்திருக்கும் பணம். கொடுக்கலாமா? (விவசாயி, வேலந்தாவளம்)

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் செலவு செய்யலாம் என்பது மேலே சொன்ன லிங்டோ குழுவின் விதி. அந்தப் பணமும் மாணவர்கள் விரும்பிக் கொடுத்ததாக மட்டுமே இருக்க வேண்டும். கட்சியிடமிருந்து பணம் வரக்கூடாது என்பதற்காகப் போட்ட கட்டுப்பாடு இது. முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். அச்சடித்த போஸ்டருக்குத் தடை, கையால் எழுதியது மட்டும்தான். ஒலிபெருக்கி, வண்டி எதற்கும் இடமில்லை. அப்புறம் பதினைந்தாயிரம் எதற்கு?

பல கேம்பஸ்களில் இதெல்லாம் காற்றில் பறக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு பிசகி ஜெயித்த இடம் பறிபோனால் வருத்தம் உங்கள் பையனுக்குத்தான். பழைய காலண்டர் அட்டையும் இரண்டு மார்க்கர் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். உரத்தை உரமாகவே போடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சேர்மனுக்கு நாங்கள் ஓட்டுப் போடுவதே இல்லை. வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எஸ்டேட் லயத்துத் தொழிலாளர் வீடுகளிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்களை யாரும் கேட்பதில்லை. இது சரியா? (மாணவர், மூணாறு)

பதில்: சட்டப்படி சரிதான். எல்லா மாணவரும் நேரடியாக ஓட்டுப் போடுவதை பிரசிடென்ஷியல் முறை என்கிறோம். உங்கள் கல்லூரியில் இருப்பது பார்லிமென்டரி முறை. எம்.எல்.ஏ.க்கள் கூடி முதலமைச்சரைத் தேர்ந்தெடுப்பதுபோல, வகுப்புப் பிரதிநிதிகள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்குப் பிடித்தது நேரடித் தேர்தல்தான். சேர்மன் ஒவ்வொரு வகுப்புக்கும் நடந்து வந்து கேட்டால்தான் கடைசி பெஞ்சு அவர் கண்ணில் படும்.

ஆனால் உங்கள் முறையில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு, தம்பி. எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள் மூன்று நான்கு வகுப்புகளில் பிரதிநிதிகளாக வந்துவிட்டால், சிறிய கல்லூரியில் சேர்மனை முடிவு செய்யும் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு எடை வந்துவிடும். கிளாஸ் ரெப் தேர்தலைச் சின்ன விஷயம் என்று பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கல்லூரியில் பெரிய தேர்தலே அதுதான்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் தேர்தலே கிடையாது. ஆசிரியர்கள் பார்த்து ஒரு மாணவர் தலைவரை அறிவிப்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம்? (மாணவி, பொள்ளாச்சி)

பதில்: அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத இடத்தில் நியமன முறை இருக்கலாம் என்றுதான் லிங்டோ குழு சொன்னது. அதையும் இடைக்கால ஏற்பாடாகத்தான் பார்த்தது. ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை வந்தது 2006ல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். உங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து, வகுப்புப் பிரதிநிதியையாவது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க அனுமதி வேண்டும் என்று முதல்வருக்கு மரியாதையாக ஒரு மனு எழுதுங்கள். மறுத்தால் அடுத்த வருடமும் எழுதுங்கள்.

கேள்வி: முதல் தடவை ஓட்டுப் போடப்போகிறேன். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அன்றைக்கு லீவு என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நான் என்ன கவனிக்க வேண்டும்? (மாணவி, கன்னிமாரி)

பதில்: முதலில், ஐ.டி. கார்டு. அது இல்லாமல் பஸ் ஏறாதே. வாக்குப்பதிவு நேரம் எப்போது முடிகிறது என்பதை முந்தின நாளே பார்த்துவை, சாயங்காலம் வரை இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே.

உள்ளே போனால் ஒரு பதவி மட்டும் இருக்காது. சேர்மன், வைஸ் சேர்மன், செக்ரட்டரி, ஜாயின்ட் செக்ரட்டரி, யு.யு.சி. (யுனிவர்சிட்டி யூனியன் கவுன்சிலர்), ஃபைன் ஆர்ட்ஸ், எடிட்டர், விளையாட்டுக்கான ஜெனரல் கேப்டன், பிறகு உன் வருடப் பிரதிநிதி, உன் டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி. மேலே இரண்டு பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அசோசியேஷன் செக்ரட்டரிக்கெல்லாம் கைவிரலில் எண்ணும் வித்தியாசத்தில்தான் முடிவு வரும். யு.யு.சி. என்ற இடத்தையும் விடாதே. அந்தக் கவுன்சிலர்கள்தான் பல்கலைக்கழக யூனியனைத் தேர்ந்தெடுப்பவர்கள்.

எண்ணும் மேசையில் நான் பார்த்த ஒரு சீட்டு இன்னும் நினைவிருக்கிறது. அழகாக ஒரு பெயருக்கு நேரே குறி போட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு இதயமும் வரைந்து, "ஆல் தி பெஸ்ட் சேட்டா" என்று எழுதியிருந்தது. செல்லாது என்று ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளை ஆசையாகப் போட்ட ஓட்டு. சீட்டில் சொல்லியிருக்கும் குறியை மட்டும், சொல்லியிருக்கும் கட்டத்தில் போடு. சந்தேகம் என்றால் மறைவுக்குள் போகும் முன்பே மேசையில் இருக்கும் டீச்சரிடம் கேள், சொல்லித் தருவார்.

இன்னொன்று. ஓட்டுச் சீட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பு என்று யாராவது கேட்டால் கண்டிப்பாக மாட்டேன் என்று சொல். கேட்டவர் உன் சொந்த அண்ணனாக இருந்தாலும் சரி.

கேள்வி: எங்கள் பக்கம் தேர்தல் முடிந்துவிட்டது. ஆறு ஓட்டில் தோற்றேன். எண்ணும்போது ஓர் ஓட்டுச்சீட்டுக் கட்டை இரண்டு தடவை மாற்றி வைத்தார்கள் என்று என் ஏஜென்ட் சொல்கிறான். இனி ஏதாவது செய்ய முடியுமா? (பீர்மேடு)

பதில்: முடியும். மறு எண்ணிக்கையை அதே மேசையில், முடிவை அறிவிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். இனி வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உங்களுக்கு இப்போது இருக்கும் வழி, பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்புக் குழு. முடிவு அறிவித்து மூன்று வாரத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் என்ன பார்த்தார், எந்த மேசை, எத்தனை மணி என்பதை அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு இணையுங்கள். கேள்விப்பட்டதையும் கோபத்தையும் அதில் சேர்க்க வேண்டாம். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருந்தால் நாள் போய்விடும் என்பதால், உங்கள் கடிதத்திலிருந்த எண்ணுக்கு நேற்றே கூப்பிட்டு விவரம் சொல்லிவிட்டேன். புகாரின் நகலில் அலுவலக முத்திரை வாங்க மறக்காதீர்கள்.