பன்னிரண்டு பேருக்கு ஒரே அடுப்பு: வாசகர் கேள்வி பதில்

கே: நான்கு பேருக்கான குறிப்பை மூன்றால் பெருக்கிப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தேன். சோறு குழைந்துவிட்டது, இறைச்சி சிவக்காமல் தண்ணீர் விட்டுக்கொண்டது, எண்ணெய் மேலே மிதந்தது. கணக்கில் எங்கே தப்பு?

ப: எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கியதுதான் தப்பு. முதலில் சோறு. ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கை அரிசி குடிக்கிறது, ஒரு பங்கு ஆவியாகிப் போகிறது. அரிசி குடிப்பது அரிசியோடு கூடும். ஆவியாவதோ பாத்திரத்தின் வாய் அகலத்தையும் வேகும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி ஆறு மடங்கானால் அதுவும் ஆறு மடங்காகாது. ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் வைக்கிறீர்கள், அதில் அரை கப் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு கப் அரிசிக்கு, குடிப்பதற்கு 9 கப், ஆவிக்கு ஒரு கப், ஆக 10 போதும். நீங்கள் 12 ஊற்றியிருப்பீர்கள். குழைந்தது அந்த இரண்டு கப்பால். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். பெரிய அளவுக்கு அதுதான் நம்பகமான வழியும்கூட.

அடுத்தது இறைச்சி. சிவக்க வேண்டுமானால் மேற்பரப்பின் சூடு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். வாணலியில் தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மூன்று கிலோவை ஒன்றாகக் கொட்டினால், அது விடும் நீரை விரட்டும் தெம்பு வீட்டு அடுப்புக்குக் கிடையாது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு மட்டும் போட்டு, மூன்று நான்கு தடவையாக வறுத்தெடுங்கள். அவசரமென்றால் பாதியை மட்டும் சிவக்க வறுத்து, மீதியை அப்படியே குழம்பில் போட்டுவிடலாம். சுவையில் பெரிய இழப்பு இல்லை.

வதக்கும் எண்ணெயின் வேலை பாத்திரத்தின் அடியை நனைப்பது. அடி எவ்வளவு அகலமோ அவ்வளவு போதும். மும்மடங்கு பொருளுக்கு ஒன்றரை மடங்கு எண்ணெயில் தொடங்கிப் பாருங்கள்.

உப்பு மட்டும் நேராகப் பெருகும், ஆனால் இறக்கும்போது இருக்கும் அளவுக்கு. சூப் மாதிரியான பதார்த்தத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 கிராம். உப்பை மும்மடங்காக்கிவிட்டு, பாத்திரத்தில் இடமில்லையென்று தண்ணீரை இரண்டு மடங்கோடு நிறுத்தினால் கரிக்கத்தான் செய்யும். முக்கால் பங்கு உப்பை முதலில் போட்டு, கடைசியில் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சுவைத்த பிறகு மீதியைப் போடுங்கள்.

கே: உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கு போட்டு இழுத்துவிடலாம் என்கிறார்களே?

ப: கிழங்கு உப்பை மட்டும் தேடிக் குடிக்காது, உப்புத் தண்ணீரை அப்படியே குடிக்கும். மிச்சம் அதே கரிப்போடுதான் இருக்கும். உப்பில்லாத தண்ணீரோ, உப்பில்லாமல் வேகவைத்த காயோ பருப்போ சேர்த்து அளவைக் கூட்டுவதே வழி. பெரிய குடும்பத்தில் கூடின அளவு வீணாகாது.

கே: எங்கள் பண்ணையில் விளைந்த காய்ந்த பீன்ஸ் கொட்டை மூன்று மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு போட வேண்டும்?

ப: ஆளுக்கு 80 கிராம் வீதம் ஒரு கிலோ. வெந்ததும் இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ வரை வரும்.

வேகாததற்குக் காரணங்கள் மூன்று. கொட்டை பழையதாக இருக்கலாம். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால் எவ்வளவு கொதித்தாலும் நடுவில் கடுக்கென்றுதான் இருக்கும். தக்காளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு எதையாவது முன்னதாகவே சேர்த்திருக்கலாம். புளிப்பில் கொட்டையின் செல் சுவர் இளகாது. மூன்றாவது, கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருப்பது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் தோலை இறுக்குகின்றன.

ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்பு போட்டு 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். உப்பு போட்டால் வேகாது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், நடப்பது நேரெதிர். உப்பிலுள்ள சோடியம் தோலில் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதால் தோல் சீக்கிரம் இளகும், வெடிப்பதும் குறையும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தண்ணீர் கடினமானால் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும். கூடினால் சோப்பு வாடை வரும். தக்காளியைக் கொட்டை முழுதாக வெந்த பிறகு சேருங்கள். பிரஷர் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும்.

சிவப்பு ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் கடும் வாந்தியை உண்டாக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதில் நிறைய உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்கவைத்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பானையில் நேரடியாகப் போடவே கூடாது. அந்த மிதமான சூட்டில் நச்சு அழியாது.

கே: சிறுவயதில் தோட்டத்தில் ஒடித்த மக்காச்சோளக் கதிரை அப்படியே வேகவைத்துத் தருவார்கள், தேனாய் இனிக்கும். இப்போது வாங்குவதில் அந்த ருசி இல்லையே. விதை மாறிவிட்டதா?

ப: விதையைவிட நேரம்தான் காரணம். ஒடித்த கணத்திலிருந்து கதிரிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வெயிலில் கிடந்தால் இன்னும் வேகம், ஃப்ரிட்ஜில் வைத்தால் மெதுவாகும். நின்றே போகாது. பச்சைப் பட்டாணிக்கும் இதே கதிதான். அந்த நாளில் தோட்டத்துக்கும் அடுப்புக்கும் இடையே அரை மணி நேரம்கூட இருந்திருக்காது.

வாங்கிய அன்றே, தோலோடு குளிரில் வைத்திருந்து, கொதிக்கும் நீரில் 3 முதல் 5 நிமிடம் மட்டும் வேகவையுங்கள். மொத்தமாகக் கிடைத்தால் முழுக் கதிரை 4 நிமிடம் கொதிநீரில் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, முத்துகளைச் சீவி ஃப்ரீசரில் வைக்கலாம். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம் போதும். கொதிநீரில் போடாமல் அப்படியே உறையவைத்தால் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் வைக்கோல் வாடை வந்துவிடும்.

கே: வீட்டுக் கோழி முட்டை 24 அவித்தால் பாதிக்கு மேல் ஓட்டோடு பிய்ந்து வருகிறது.

ப: முட்டை மிகப் புதியது, அதுதான் வம்பு. புது முட்டையின் வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக ஓட்டுத் துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, பிடி தளர்கிறது. அவிப்பதற்கென்று ஒரு கூடையைத் தனியாக ஏழு முதல் பத்து நாள் ஃப்ரிட்ஜில் ஒதுக்கிவையுங்கள். இன்றைக்கே வேண்டுமென்றால் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு முட்டைகளை வைத்து 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் ஒட்டுவது அதிகம். உடனே ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, அகன்ற முனையில் தட்டி உரியுங்கள். காற்றறை அங்கேதான் இருக்கிறது.

கே: பாட்டி வைக்கும் கோழி சூப்பின் கனம் எனக்கு வரவே இல்லை. அதே பொருள்தான், அதே அளவுதான்.

ப: அதே கோழி இல்லை. பண்ணையில் சூப்புக்குப் போனது முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழி. அதன் தசையிலும் தோலிலும் உள்ள முதிர்ந்த கொலாஜன் என்ற புரதம் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாகும்போதுதான் நாக்கில் அந்தக் கனம் வரும். கடையில் கிடைப்பது சில வாரக் குஞ்சு. முக்கால் மணி நேரத்தில் நார் நாராகப் பிரிந்துவிடும், சாற்றில் ஒன்றும் இறங்காது.

முதிர்ந்த கோழி கிடைத்தால் இரண்டு கிலோவுக்கு நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர், மூன்று மணி நேரம். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும் சூடு போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிவிடும். கிடைக்காவிட்டால் இளங்கோழியோடு அரைக் கிலோ கோழிப் பாதம், இறக்கை நுனி, முதுகெலும்பு சேருங்கள். சதையை வெந்ததும் எடுத்துவிட்டு எலும்பை மட்டும் தொடர்ந்து வேகவிடுங்கள். ஆறவைத்த சாறு ஃப்ரிட்ஜில் கூழாக உறைந்தால் சரியாக வந்திருக்கிறது.

கே: பத்து லிட்டர் குழம்பை இரவு அடுப்பிலேயே மூடிவைத்து, காலையில் கொதிக்கவைத்தால் போதாதா?

ப: போதாது. கொதியில் சாகாத, விதை போன்ற வித்துகள் (ஸ்போர்கள்) சில பாக்டீரியாக்களுக்கு உண்டு. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும். அந்த வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகும். சோற்றில் வளரும் ஒரு வகை விடும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. மணத்திலோ ருசியிலோ ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

60 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. அதற்கு அகலமான தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். அல்லது சின்னப் பாத்திரங்களில் ஊற்றி ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறுங்கள். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பத்து லிட்டரை அப்படியே சூடாக ஃப்ரிட்ஜில் ஏற்றினால் பக்கத்திலிருக்கும் பாலும் சூடாகிவிடும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை மட்டும் கொதிக்கச் சூடாக்குங்கள்.

கே: தக்காளி ஒரே நேரத்தில் காய்த்துக் கொட்டுகிறது. வெங்காயமும் எண்ணெயும் சேர்த்து வதக்கி, பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா?

ப: வேண்டாம். தக்காளியின் புளிப்பே பாதுகாப்பின் விளிம்பில்தான் நிற்கிறது. வெங்காயம் அதை இன்னும் குறைக்கும். காற்றுப் புகாத பாட்டிலில் பாக்டீரியா விடும் கொடிய போட்யூலிச நச்சு உருவாக அது போதும். மூன்று கிலோ தக்காளி, ஒரு கிலோ வெங்காயம், 150 மில்லி எண்ணெய் சேர்த்து, உப்பைக் குறைவாகவே போட்டு, அகலமான பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும் வரை வதக்குங்கள். ஆறியதும் அரை லிட்டர் வீதம் பைகளில் ஊற்றி, தட்டையாகப் படுக்கவைத்து ஃப்ரீசரில் உறையவிடுங்கள். ஒரு பையில் வெந்த பீன்ஸ் கொட்டை போட்டால் ஒரு வேளை, முட்டை உடைத்து ஊற்றினால் இன்னொரு வேளை. காரம் வேண்டாத குழந்தைகளுக்கு முதலில் எடுத்துவைத்துவிட்டு, பெரியவர்களுக்குப் பிறகு மிளகாய் சேர்த்துக்கொள்ளலாம்.