'அத்வைதிக் சாங்ஸ்' ஆல்பத்தை விமர்சகர்கள் ஏன் பாராட்டினார்கள்?

பெங்களூரு நண்பர்கள் "இது மெட்டலே (கனமான, இரைச்சலான ராக் இசை) இல்லை" என்று ஒதுக்கும், ஓம் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'அத்வைதிக் சாங்ஸ்' ஆல்பம் விமர்சகர்களிடம் எப்படி நல்ல பெயர் வாங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்களின் எரிச்சல் புரிகிறது. 2007-இல் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் குழுவுக்காகத் திரண்ட ஊர் இது. கிதாரின் வேகத்துக்குப் பழகிய காதுகள்.

2012-இல் டிராக் சிட்டி நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தைத் தாங்குவது ஆல் சிஸ்னெரோஸின் பேஸ் கிதார், எமில் ஏமஸின் டிரம்ஸ். மேலே செல்லோவும் தபேலாவும் சேர்கின்றன. முதல் பாடல் 'அடிஸ்' சிவனைத் துதிக்கும் மகா மிருத்யுஞ்ஜய மந்திரத்தோடு தொடங்குகிறது. அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் போய்வரும் நமக்கு அது தினசரிப் பழக்கம். மேற்கத்திய விமர்சகருக்குப் புதுமை. பாராட்டில் ஒரு பங்கு அந்தப் புதுமைக்குத்தான் என்பது என் சந்தேகம்.

ஆனால் முழுப் பாராட்டும் அதற்கல்ல. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வாத்தியங்களை ஏற்றும் பொறுமைதான் பலரையும் கவர்ந்தது. பழைய ஆல்பங்களின் முரட்டு எடை குறைந்துவிட்டது, கெத்செமனே, சினாய் (பைபிளில் வரும் இடங்கள்) என்று எல்லாச் சமயச் சொற்களையும் கலந்த வரிகள் பிடிபடுவதில்லை என்பன நியாயமான குறைகள். நண்பர்களுக்கு இரண்டாம் பாடலை முதலில் போட்டுக் காட்டுங்கள். அதில் பேஸ் நன்றாகவே உறுமும்.