தூண்டில் கழிக்கு நுனி வளையம்: தேர்வும் திருத்தமும் (கேள்வி பதில்)

சொந்தமாகக் கழி கட்டும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில் நுனி வளையம் குறித்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். பிளாங்க் (வளையங்கள் கட்டாத வெறுங்கழி), கைடு (நூல் ஓடும் வளையம்), பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) என்று கடையிலும் கரையிலும் நாம் வழங்கும் சொற்களையே இங்கும் வைத்திருக்கிறேன். கழியின் உச்சியில் குழாயோடு செருகப்படும் கைடைத்தான் நுனி வளையம் என்கிறேன்.

ஐயா, முதன்முறையாக ஏழடி ஸ்பின்னிங் கழி கட்டுகிறேன். வாங்கிய நுனி வளையத்தின் உறையில் 5.5 என்று இருக்கிறது. ஒருவர் அதை வளைய அளவு என்கிறார், இன்னொருவர் குழாய் அளவு என்கிறார். எதை நம்புவது? (சென்னை)

இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை. அமெரிக்க வழக்கில் குழாயின் உள்விட்டத்தை ஓர் அங்குலத்தின் 64இல் இத்தனை பங்கு என்று குறிப்பார்கள். அந்தக் கணக்கில் 5 என்பது 1.98 மி.மீ., 5.5 என்பது 2.18 மி.மீ., 6 என்பது 2.38 மி.மீ. ஆகும். வளையத்துக்குப் போடும் எண்ணோ மில்லிமீட்டரில் அமைந்தது. அதுவும் பீங்கான் வளையத்தின் வெளிவிட்டத்தை ஒட்டியதே தவிர, நூல் ஓடும் துளையின் அளவு அன்று. ஜப்பானிய உறைகளில் முதலில் வளைய அளவும் கோடு போட்டு அடுத்ததாகக் குழாயின் அளவு மில்லிமீட்டரிலும் வரும். எனவே தனியாக நிற்கும் ஓர் எண்ணை நம்பிப் பசையை உருக்காதீர்கள். 2 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான அடிப்பகுதியைக் குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். அது சிறிது ஆட்டத்தோடு நுழைந்தால் உங்களிடம் இருப்பது 5.5 குழாய்தான் என்று கொள்ளலாம்.

பிளாங்க்கை அளக்கும்போது பலர் உச்சியில் மட்டும் காலிப்பரை வைக்கிறார்கள். பிளாங்க் கீழிறங்க இறங்கப் பருக்கும். குழாயின் வாய் வந்து நிற்கும் இடம் உச்சியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும். அந்த இடத்துப் பருமனே குழாயின் அளவைத் தீர்மானிக்கிறது.

என் பிளாங்க்குக்கு 5 இறுக்கமாகவும் 5.5 தளர்வாகவும் இருக்கிறது. நுனியை உப்புத்தாளால் சிறிது தேய்த்து 5ஐ ஏற்றிவிடலாமா? (தூத்துக்குடி)

வேண்டாம், 5.5ஐயே போடுங்கள். உள்ளே கூடான கார்பன் நுனியின் சுவர் மிக மெல்லியது. அதில் நீளவாக்கில் ஓடும் இழைகளே வளைவின் பாரத்தைச் சுமக்கின்றன. உப்புத்தாள் அந்த இழைகளைத்தான் அறுக்கிறது, அதுவும் உலோகக் குழாய் முடிந்து வளைவு தொடங்குகிற, பாரம் மிகுதியாக விழும் அதே இடத்தில் அறுக்கிறது. கழி கட்டத் தொடங்கிய காலத்தில் நண்பர் ஒருவருக்காக இப்படித் தேய்த்து, கச்சிதமாகப் பொருந்திவிட்டதே என்று மகிழ்ந்து கொடுத்தேன். இரண்டாவது மீனிலேயே குழாயின் வாய் ஓரத்தில் வட்டமாக, பென்சில் சீவியதுபோல் அறுந்து, நுனி வளையம் மட்டும் நூலில் ஊசலாடியபடி திரும்பி வந்தது. பளபளப்புக்காகப் பூசிய மேற்பூச்சை மட்டும் சொரசொரப்பாக்குவதில் தவறில்லை. கறுப்புத் தூள் உதிரத் தொடங்கினால் கையை எடுத்துவிடுங்கள். கெட்டியான கண்ணாடியிழை நுனியாக இருந்தால் சிறிதளவு தேய்ப்பதை அது தாங்கும்.

தளர்வை நிரப்பக் கைடு கட்டும் நூலையே மூன்று நான்கு இழைகளாக வெட்டி, நுனியைச் சுற்றிலும் சம இடைவெளியில் நீளவாக்கில் பசையோடு படியவிட்டு, அதன்மேல் குழாயை ஏற்றுங்கள். வளையம் நடுவில் நிற்கும். பசைக்கும் எல்லாப் பக்கமும் இடம் கிடைக்கும். திருத்தம் செய்ய வேண்டியது குழாயில்தான். அதன் வாயின் உள்விளிம்பில் வெட்டிய பிசிறு இருக்கும்; நுண்ணிய உருண்டை அரத்தால் அதைச் சாய்வாக வழித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் கூரான அந்த விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் பிளாங்க்கைக் கத்திபோல் கீறிக்கொண்டிருக்கும்.

பீங்கான் வளையத்தைத் தாங்கும் டைட்டானியம் சட்டம் உண்மையிலேயே அந்த விலைக்குத் தகுமா? (கோயம்புத்தூர்)

நுனிக்கு மட்டும் என்றால் தகும் என்பது என் கருத்து. சீரான பருமனுள்ள ஒரு கோலை ஒரு முனையில் பிடித்து ஆட்டினால், நுனியில் ஒட்டிய ஒரு கிராம் அதிர்வை எவ்வளவு மந்தமாக்குமோ, அவ்வளவு மந்தமாக்க நடுவில் எட்டு கிராமுக்கு மேல் ஒட்டவேண்டும்; உச்சியை நோக்கிச் சிறுக்கும் நம் கழிகளில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். எஃகின் அடர்த்தி 8ஐ நெருங்கும்போது டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 தான். எனவே கையில் காசு அளவாக இருந்தால், கீழேயுள்ள கைடுகளை எஃகில் வைத்துக்கொண்டு நுனியையும் அதற்கடுத்த இரண்டு மூன்றையும் டைட்டானியமாகப் போடுங்கள். கடற்கரையில் வீசுபவருக்கு, உப்பில் துருப்பிடிக்காது என்பதும் சேர்ந்த லாபம்.

அண்ணா, விரால் கழிக்கு 4.5 வளையம் போட்டேன். எடை குறைந்தது, ஆனால் ஏரியில் பாதி நாள் நூல் சிக்கிக்கொள்கிறது. (செங்கல்பட்டு)

வளையத்தில் பழுதில்லை, அது போன இடம்தான் பொருந்தவில்லை. ரப்பர்த் தவளையைப் பாசிமேல் இழுக்கும்போது பிரெய்டு அந்தப் பாசியையும் வழித்துக்கொண்டு வந்து நுனியில் கொட்டும். சிறு துளை அதை உள்ளே விடாது. விராலுக்கு 8 போடுங்கள். எடை சற்றுக் கூடும் என்றாலும், தாமரை இலைகளுக்கிடையே மீனைத் தூக்கி எடுக்கும் தடித்த கழிக்கு அது ஒரு குறையே அன்று.

கொடுவாய்க்காகக் கழிமுகத்தில் வீசுகிறேன். லீடர் (பிரெய்டின் முனையில் இணைக்கும் ஒற்றை இழை நூல்) முடிச்சு நுனியில் தட்டுகிறது. காற்று அடித்தால் பிரெய்டு நுனியைச் சுற்றிக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே தீர்வு உண்டா? (பழவேற்காடு)

இரண்டு வேறு நோய்கள், மருந்தும் வேறுதான். முடிச்சு தட்டுவதற்கு, நீங்கள் கட்டும் தடிமனிலேயே பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி என்ற இணைப்பு முடிச்சாகக் கட்டி, வாங்கும் முன்பே வளையத்தில் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். லீடரின் வெட்டிய முனை விரலில் உறுத்தினால் வளையத்திலும் உறுத்தும். ஒரே எண்ணுள்ள வளையங்களில், பீங்கான் மெல்லியதாக உள்ளதற்குத் துளை அகலம். ஜப்பானின் ஃபுஜி நிறுவனத்தின் டார்சைட் என்ற பீங்கான் வகையின் அனுகூலங்களில் இதுவும் ஒன்று. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நுனி வளையம் அதற்குக் கீழேயுள்ள கைடைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது.

சுற்றிக்கொள்வது சட்டத்தின் வடிவத்தால் வருவது. ஃபுஜியின் கே வகைபோல் சட்டம் சாய்ந்து அமைந்தவற்றில், தொய்ந்த நூல் சட்டத்தின்மேல் வழுக்கி விடுபட்டுவிடும். சட்டம் செங்குத்தாக நிற்கும் பழைய வகையில் அது குழாயின் அடியில் போய் இறுகும். இறுகியது தெரியாமல் வீசினால் போவது போலி இரை மட்டுமன்று, நுனியும் சேர்ந்து போகும்.

எப்பாக்சியால் ஒட்டினால் என்றைக்கும் கழலாது என்கிறார்கள். நீங்கள் சூட்டுப் பசையையே சொல்கிறீர்களே? (நாகர்கோவில்)

என்றைக்கும் கழலாது என்பதே என் ஆட்சேபணை. கழியில் முதலில் அடிபடும் உறுப்பு நுனி வளையம். காரின் கதவிலும், மின்விசிறியிலும், பாறையிலும் அடிவாங்குவது அதுதான். ஒருநாள் மாற்றியே ஆகவேண்டிய ஒன்றை மாற்றமுடியாதபடி ஒட்டுவானேன்? எப்பாக்சியை இளக்கும் சூடு, பிளாங்க்கின் பிசினையும் இளக்கக்கூடியது.

நுனி வளையத்துக்கென்று விற்கும் சூட்டுப் பசைக் குச்சியின் முனையை லைட்டரில் இளக்கி, பிளாங்க்கில் மெல்லியதாகத் தடவுங்கள். குழாயை இலேசாகச் சூடாக்கிச் செருகி, இறுகுமுன் கீழ்க் கைடுகளோடு நேர்கோட்டில் வருமாறு திருப்பிவிடுங்கள். பிதுங்கி வரும் பசை ஆறியபின் நகத்தால் உரித்தால் வந்துவிடும். பிளாங்க்கின் நுனி கூடாக இருந்தால் முதலில் அதன் துளையை ஒரு துளிப் பசையால் அடைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் உள்ளேயுள்ள காற்று சூட்டில் விரிந்து, செருகிய வளையத்தை மெல்ல மேலே தள்ளும். கழற்றும்போது தீயைவிடச் சால்டரிங் அயர்னே பாதுகாப்பானது: குழாயில் மட்டும் தொட்டு, பசை இளகியதும் முறுக்காமல் நேராக இழுங்கள்.

நுனியில் இரண்டு அங்குலம் ஒடிந்துவிட்டது. மிச்சத்தில் பெரிய வளையத்தைப் போட்டுவிடலாமா? (இராமநாதபுரம்)

போடலாம். ஒடிந்த இடத்துக்குக் கீழே விரிசல் எங்கே முடிகிறது என்று வெளிச்சத்தில் பார்த்து, அதற்கும் கீழே ஒட்டுநாடாவைச் சுற்றி, நுண்ணிய பல்லுள்ள ரம்பத்தாலோ அரத்தாலோ சுற்றிச் சுற்றி அறுங்கள். குறடால் நறுக்கினால் சுவர் நசுங்கிவிடும். கழி முன்பைவிடச் சற்று விறைப்பாகும், இலேசான இரைகளை வீசும் தூரம் குறையும். அடுத்த கைடு புதிய நுனிக்கு மிக அருகில் வந்துவிட்டால் அதைப் பிரித்துக் கீழே தள்ளிக் கட்டுங்கள்.

படகில் இழுத்துப் பிடிக்கும் கழிக்கு உருளை வைத்த நுனி தேவையா? (இராமேஸ்வரம்)

தடித்த தங்கூஸும் (நைலான் நூல்) கனத்த மீனும் என்றால் நன்று. பிரெய்டு போடுவதாக இருந்தால், உருளைக்கும் சட்டத்துக்கும் இடையிலான சந்தில் அது புகுந்து அறுபடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

வளையத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் பிரெய்டு பஞ்சுபோல் பிரிகிறது. (புதுச்சேரி)

காது குடையும் பஞ்சுக் குச்சியை வளையத்துக்குள் விட்டு எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். ஓர் இழை மாட்டி நின்றாலும் அந்த இடத்தில் கீறல் உண்டு. வளையத்தை மாற்றுங்கள், அதோடு ரீலில் முதல் சில மீட்டர் பிரெய்டையும் வெட்டி எறியுங்கள். பஞ்சு எங்கும் மாட்டாவிட்டால் அடுத்த கைடைச் சோதியுங்கள், அப்படியே ரீல்வரை இறங்குங்கள்.